அளக்காமல் விட்ட எறி

மூன்றாவது எறி கையை விட்டுப் போன உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசியாக விரல் நுனியால் ஒரு தள்ளு தள்ளுவோம். அது சரியாக அமைந்தால் நடுவிரலில் சுள்ளென்று ஒரு வலி வரும். அன்றைக்கு வந்தது. குண்டு நான் அதுவரை எறிந்து பார்க்காத உயரத்தில் போய், இறுதிச் சுற்றுக்கான கோடு என்று புல்லில் போட்டிருந்த பட்டையைத் தாண்டி, தொம்மென்று விழுந்தது.

முன்னால் இருக்கும் வெள்ளைக் கட்டையில் கால் படவில்லை. உடம்பும் தள்ளாடவில்லை. வட்டத்துக்குள் சிலை மாதிரி நின்றேன். எல்லாம் சரி.

பிறகு, குண்டை எடுக்கப் போனேன்.

குண்டு எறிதலில் ஒரு விதி உண்டு. வட்டத்தின் இரண்டு பக்கமும் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். எறிந்து முடித்தவர் அந்தக் கோட்டுக்குப் பின்பக்கமாகத்தான் வெளியே வர வேண்டும். முன்பக்கமாகக் கால் வைத்தால் எறி செல்லாது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. அன்றைக்கு நான் நின்றது ஒலிம்பிக்கில். அங்கே குண்டை எடுத்துவரத் தனியாக ஆட்கள் நிற்பார்கள். நாம் எறிந்தால் போதும்.

நான் கட்டையின் ஓரமாக இறங்கி இரண்டு எட்டு வைத்துவிட்டேன். மூன்றாவது எட்டு வைப்பதற்குள் சிவப்புக் கொடி ஏறிவிட்டது. கொடியைத் தூக்கியவர் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு வயதான அம்மா. என்னைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப்போனது. பாவம், அவருக்கே மனசு கேட்கவில்லை.

முதல் எறியில் கால் கட்டையில் ஏறிவிட்டது. இரண்டாவது எறி வலது பக்கக் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. ஆக, மூன்றும் போச்சு. என் பெயருக்கு நேரே தூரம் என்று எதுவும் இல்லை.

செல்லாத எறியை அளக்க மாட்டார்கள். ஒருவர் குண்டைத் தூக்கிக்கொண்டு போனார். இன்னொருவர் அது விழுந்த பள்ளத்தைக் காலால் தட்டி மூடினார். என் ஆயுசிலேயே நான் எறிந்த நீளமான எறி எவ்வளவு தூரம் என்று இன்றைக்கு வரைக்கும் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

பொட்டலத்துக்குப் போகாத பக்கம்

இந்தத் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்தே ‘ஒலிம்பிக் பற்றி எப்போது எழுதுவீர்கள்?’ என்று கடிதம் வருகிறது. நானும் பள்ளிக்கூட மைதானம், வடக்கே முகாமில் சாப்பிட்ட பருப்பு, முழங்கையில் நடந்த ஆபரேஷன் என்று ஊரைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். பத்திரிகை ஆசிரியர் பொறுமைசாலி. போன வாரம்தான் மெதுவாகக் கேட்டார், “மேடம், விமானம் எப்ப ஏறப் போறீங்க?” என்று.

ஏறாததற்குக் காரணம் ஒரு வாசகர். அவர் தென்காசிக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் உட்கார்ந்து இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார். எண்பதை நெருங்கிவிட்டார். என் அப்பா.

அப்பா கடையில் எந்தப் பத்திரிகை வந்தாலும் அதன் விதி ஒன்றுதான். அடுத்த வாரம் சீரகப் பொட்டலமாகவோ கடுகுப் பொட்டலமாகவோ யார் வீட்டுக்காவது போய்விடும். என் தொடர் வரும் பக்கத்துக்கு மட்டும் விலக்கு. அதை ஓரம் பிசகாமல் கத்தரித்து, உப்பு மூட்டைக்கு மேலே சுவரில் ஒட்டிவிடுவார். சாமான் வாங்க வருகிறவர்கள் துவரம்பருப்பு நிறுக்கும் நேரத்தில் என் வாழ்க்கையைப் படித்துக்கொள்ளலாம்.

சுவரில் இடம் தீர்ந்துவருகிறது என்று போன மாதம் சொன்னார். ஒலிம்பிக் வாரத்துக்கு மட்டும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

மழை என்று சொன்னேன்

அன்றைக்கு மைதானத்துக்குப் பின்னால் இருந்த ஓர் அறையில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டேன். தொலைக்காட்சியில் எங்கள் போட்டியைக் காட்டவே இல்லை. அப்பா கடையை அடைத்துவிட்டு, தெருவையே வீட்டுக்குள் கூட்டிவைத்துக் காத்திருந்திருக்கிறார். போதகர் வந்து ஜெபம்கூடப் பண்ணியிருந்தார்.

“என்னட்டி ஆச்சு?” என்றார் அப்பா.

முன்பக்கமாக இறங்கிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“மழைப்பா. வட்டம் வழுக்கிட்டு.”

“மழையா” என்றார். பக்கத்தில் நின்றவர்களிடம் திரும்பி, “அங்கன மழையாம்” என்று சொல்வது கேட்டது. “மழைன்னா மனுசன் என்ன செய்ய முடியும்? விடுட்டி. சாப்பிட்டியா?”

அன்றைக்கு அந்த ஊரில் சுள்ளென்று வெயில் அடித்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை.

யாராவது செல்போனில் தேடிப் பார்த்திருந்தால் என் பொய் அன்றைக்கே உடைந்திருக்கும். எங்கள் தெருவில் யாரும் தேடவில்லை. கடைக்கார அண்ணாச்சி சொன்னால் சரிதான் என்று விட்டுவிட்டார்கள். ஊர் திரும்பியபோது பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் என் படம் போட்ட பிளெக்ஸ் இன்னும் நின்றது. ‘தென்காசியின் தங்கமகளே வருக’ என்று போட்டிருந்தார்கள். எந்தத் தங்கம் என்று யாரும் கேட்கவில்லை. பிறகு அந்த பிளெக்ஸ் ஒரு தேங்காய் வண்டிக்குக் கூரையானது. என் முகம் கீழ்ப்பக்கமாகப் பார்க்கும்படி கட்டியிருந்தார்கள். தேங்காய் வாங்கும்போதெல்லாம் என்னை நானே அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

பொய் அதோடு போயிருந்தால் நான் இப்போது இதை எழுத வேண்டியதில்லை. அப்பா அந்த மழையை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

கடைச் சரக்கு வைக்கும் எங்கள் கிட்டங்கிக்குப் பின்னால், ஆய்க்குடி ரோட்டைப் பார்த்த காலி இடத்தில் எனக்காக அவர் போட்டுக்கொடுத்த வட்டம் ஒன்று உண்டு. கொத்தனார் சொரசொரப்பாக விட்டுவிடலாம் என்றாராம். அப்பாதான், “எம் பிள்ள நிக்கிற இடம். நடுவீட்டுத் தரை மாதிரி வழவழன்னு பூசு” என்று சொல்லி, சிமெண்ட் பால் ஊற்றித் தேய்க்க வைத்தார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

நான் ஒலிம்பிக்கிலிருந்து வந்த பத்தாம் நாள் கிட்டங்கிக்குப் பின்னால் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் உளி. வட்டம் முழுக்க அம்மி கொத்துவது போலக் கொத்திக்கொண்டிருந்தார். முட்டி சிவந்திருந்தது.

“வழவழன்னு பூசச் சொன்னது நான்தானட்டி. அதுல நின்னு பழகுன காலு, ஈரத்துல எப்படி நிக்கும்? உன் காலைக் கெடுத்தது நான்தான்” என்றார்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். “வெயில்ல இருக்காதீங்கப்பா” என்றுதான் வந்தது.

அதற்குப் பிறகு தோளும் போய்விட்டது. இரண்டு வருடம் மருந்து, கட்டு, மறுபடி முகாம் என்று இழுத்துப் பார்த்தேன். உள்ளூர்ப் போட்டியில்கூட நான்காவது, ஐந்தாவதாக வந்தேன். ஒருநாள் முகாமில் என் கட்டிலுக்கு வேறு ஒரு பெண்ணின் பெயரை எழுதி ஒட்டிவிட்டார்கள். அவ்வளவுதான். இப்போது ரயில்வேயில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்கிறேன். டிக்கெட் வாங்க வருகிறவர்கள், “நீங்கதானே அந்த குண்டு?” என்று கேட்டுவிட்டு, கேட்டது வேறு மாதிரி ஒலித்துவிட்டதே என்று நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். இப்போது உடம்பைப் பார்த்தால் இரண்டு அர்த்தத்திலும் நானேதான்.

கொத்திய அந்த வட்டத்தில் யாரும் எறியவே இல்லை. அப்பா மட்டும் வாரத்துக்கு ஒருமுறை அதைக் கூட்டிவிடுகிறார்.

வீட்டில் ஒரே ஒரு குண்டு

நான் ஏன் முன்பக்கமாக இறங்கினேன் என்று சொல்ல வேண்டுமானால் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரூபி அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். வீட்டில் முதலில் குண்டு எறிந்தது அவள்தான். அவள் எறிவதைப் பார்த்துத்தான் நான் எறிந்தேன். மாவட்டத்தில் அவள் முதலாவது, நான் இரண்டாவது.

எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே குண்டு. அப்பா ஒரு லேத் பட்டறையில் சொல்லிக் கடைந்து வாங்கினார். வந்ததும் கடைத் தராசில் வைத்தார். நாலு கிலோவுக்குத் துளி குறைந்தது. “எடை குறைஞ்ச சரக்கு நம்ம வாசல் ஏறக்கூடாது” என்று திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாவது வந்தது கொஞ்சம் கூடுதல். “கொசுறா இருக்கட்டும்” என்று வைத்துக்கொண்டார். நாங்கள் கடைசி வரை நாலு கிலோவும் கொசுறும்தான் எறிந்தோம்.

அந்தக் குண்டோடு ஒருமுறை போட்டிக்குக் கிளம்பினோம். ரயில் நகரப் போகிற நேரம். அப்பா பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு ஜன்னல் வழியாகச் சத்தமாகக் கேட்டார், “ஏட்டி ரூபி, பையில குண்டு இருக்கா?” பெட்டியே எழுந்து நின்றது. இரண்டு போலீஸ்காரர்கள் எங்களை இறக்கி, பையைத் தூரத்தில் வைத்து, குச்சியால் திறந்து பார்த்தார்கள். உள்ளே குண்டும் அதற்குச் சுற்றிய பழைய பாவாடையும் இருந்தன. ரயில் போய்விட்டது. அக்கா பிளாட்பாரத்தில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஒரு குண்டு இருந்தால் ஒரு வழிதான். ஒருத்தி எறிவாள், ஒருத்தி விழும் இடத்தில் நின்று எடுத்து வருவாள். மாறி மாறிச் செய்வோம்.

அக்காவுக்குச் செங்கோட்டையில் மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். மரக்கடைக் குடும்பம். நிச்சயம் ஆன மறுநாள் அப்பா சொன்னார், “மாப்பிள்ளை வீட்டுக்காரவ பார்த்தா என்ன நினைப்பாவ? ஒரு குண்டுக்கு ரெண்டு பேர் எதுக்கு? எஸ்தர் எறியட்டும்.” எஸ்தர் நான்தான்.

அன்று சாயங்காலமும் அக்கா என்னோடு கிட்டங்கிக்குப் பின்னால் வந்தாள். விழும் இடத்தில் நின்றுகொண்டாள். நான் எறிந்தேன், அவள் எடுத்து வந்தாள். ஒரு வாரம், இரண்டு வாரம். அவள் முறை வரவே இல்லை. நானும் ‘நீ ஒண்ணு எறியேன்’ என்று கேட்கவில்லை. மாநிலப் போட்டி பக்கத்தில் இருந்தது. எனக்கு என் கவலை.

ஆனி மாதம். செங்கோட்டைப் பக்கமிருந்து சாரல் விழுந்துகொண்டிருந்தது. குண்டு விழுகிற பள்ளத்தில் உடனே தண்ணீர் ஊறிவிடும். அக்கா குனிந்து சேற்றிலிருந்து குண்டை எடுத்து, தாவணியில் துடைத்துக்கொண்டு வந்தாள். எனக்கு உடம்பு சூடு ஆறிவிடுகிறதே என்று எரிச்சல்.

“வேகமாக் கொண்டாயேன்க்கா” என்று கத்தினேன்.

அவள் பாதி வழியில் நின்றாள். குண்டைக் கீழே போட்டாள்.

“எறிஞ்சவ நீதானே? நீயே போய் எடு. இங்கன மட்டுமில்ல, இனி எங்கன போய் எறிஞ்சாலும் நீயே போய் எடு. எடுத்துக் குடுக்க நான் வரமாட்டேன்.”

அவள் சொன்னது அவ்வளவுதான். சேற்றுக் காலோடு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து நானே எறிந்தேன், நானே முன்பக்கமாக இறங்கி நடந்தேன், நானே எடுத்தேன். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை, எத்தனையோ வருடம். போட்டிகளில் மட்டும் பின்பக்கமாக இறங்க வேண்டும் என்று எறிவதற்கு முன்பு எனக்கு நானே ஒருமுறை சொல்லிக்கொள்வேன். ‘பின்னால, பின்னால’ என்று. ஒருமுறைகூடத் தவறியதில்லை.

அன்றைக்கு, அந்த எறி அவ்வளவு நன்றாகப் போனதும், சொல்லிக்கொண்டது மறந்துபோனது. நான் ஒலிம்பிக்கில் நிற்கிறேன் என்பதே மறந்துபோனது. குண்டு விழுந்துவிட்டது, பள்ளத்தில் தண்ணீர் ஊறுவதற்குள் போய் எடுக்க வேண்டும் என்று கால் கிளம்பிவிட்டது.

அருவிக்கரையில்

இதை எழுதுவதற்கு முன்பு அக்காவிடம் சொல்லாமல் இருக்கக் கூடாது. அப்பாவின் தலையிலிருந்து பழியை எடுத்தால் அது போய் உட்காரும் இடம் அவள் தலைதான். ஒவ்வொரு சீசனுக்கும் நானும் அவளும் ஒருநாள் குற்றாலத்தில் குளிப்போம். இந்த வருடமும் போனோம்.

வெளியே சொல்ல வெட்கமான ஒரு பழக்கம் எனக்கு உண்டு. பெண்கள் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு அருவிக்குள் நிற்கும்போது, பக்கத்தில் அக்கா நிற்க, ‘அன்னைக்கு மழை இல்லக்கா’ என்று வாய்விட்டுச் சொல்லுவேன். அந்த இரைச்சலில் எனக்கே கேட்காது. வருடா வருடம் இப்படிச் சொல்லிவிட்டு, சொன்ன திருப்தியில் வெளியே வந்து தலை துவட்டுவேன்.

இந்த முறை வெளியே வந்து, ஆளுக்கு ஒரு மிளகாய் பஜ்ஜியோடு கடையோரம் நின்றபோது சொன்னேன்.

“அக்கா, அன்னைக்கு அங்கன மழை இல்ல.”

“தெரியும்” என்றாள்.

“எப்படி?”

“வருசக்கணக்கா சாரல்ல நின்னு எறிஞ்சவளுக்கு எந்த ஊரு மழைட்டி வழுக்கும்? அப்பாவுக்கு வேணா அது தெரியாம இருக்கலாம். அவ்வோ எறிஞ்சதில்லைலா.”

“பின்ன ஏன் கேக்கல?”

“நீயாச் சொல்லுவன்னு இருந்தேன். பயந்திருப்ப, இல்லைன்னா தோளு பிடிச்சிருக்கும்னு நினைச்சேன்.”

“நல்லா எறிஞ்சேன்க்கா. அப்புறம் முன்பக்கமா இறங்கிட்டேன்.”

அவள் பஜ்ஜியைக் கடிக்காமல் என்னைப் பார்த்தாள். “முன்பக்கமாவா? எதுக்கு?”

“குண்டை எடுக்க.”

“அங்கன எடுத்துக் குடுக்க ஆளு உண்டும்லா?”

“உண்டு.”

அவள் ஈரத்தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மெல்ல மெல்ல அவள் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“நான் அன்னைக்குச் சொன்னேனே, அதுனாலயாட்டி?”

இல்லை என்று சட்டென்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு மூச்சு தாமதித்துவிட்டேன். “அதெல்லாம் இல்லக்கா” என்று நான் சொன்னபோது அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டிருந்தது.

“போனதே போன, கையோட எடுத்துட்டாவது வந்திருக்கலாம்லாட்டி” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் துண்டை எடுக்கவே இல்லை. பஜ்ஜிக்காரர் என்னைப் பார்த்து, என்ன என்று கையால் கேட்டார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, இதை எழுதப் போகிறேன் என்றேன். முதலில், “மழை மழையாவே இருந்துட்டுப் போட்டும்ட்டி” என்றாள். அப்பா உளி வைத்துக் கொத்திய கதையை அவளுக்கு அப்போதுதான் சொன்னேன். அவளுக்கு அது தெரியாது. அந்தச் சமயம் அவள் இரண்டாவது பிரசவமாகிச் செங்கோட்டையில் இருந்தாள். கேட்டுவிட்டு ஈரத்துண்டைப் பிழிந்து மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“அப்போ எழுது” என்றாள். “அப்பா சுமந்தது போதும். நான் சொன்னதையும் மறைக்காம எழுது. ஒண்ணே ஒண்ணு. என்னை எறிய வேண்டாம்னு அப்பா சொன்னதை மட்டும் எழுதாத. அவ்வோ அதை மறந்திருப்பாவ.”

சரி என்று தலையாட்டினேன். செங்கோட்டை பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். அன்றைக்கும் சாரல்தான்.

வீட்டுக்கு வந்து எழுதி, அந்த வரிகளை அடித்துப் பார்த்தேன். அடித்தால், அக்கா ஏதோ கோபக்காரி, தங்கையின் குண்டைச் சேற்றில் போட்டுவிட்டுப் போனவள் என்று ஆகிவிடுகிறது. அது பொய். ஒரு பொய் சொல்லித்தான் இவ்வளவு வருடம். மறுபடி எழுதிவிட்டேன். மன்னிச்சுக்கோ அக்கா. அப்பா தலையிலிருந்து ஒன்றை இறக்கப் போய் இன்னொன்றை ஏற்றியிருக்கிறேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இதனால் எதுவும் மாறப்போவதில்லை. அந்தப் பள்ளத்தை மூடிவிட்டார்கள். அக்கா எறிந்திருந்தால் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதையும் யாரும் அளக்கவில்லை.

பத்திரிகை காலையில் கடைக்கு வந்துவிடும். கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்பு அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுக்கப் படிப்பார். நடுவில் விட்டு வைத்த இடம் அப்படியே இருக்கட்டும் அப்பா, இதை ஒட்ட வேண்டாம். பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் பூசச் சொன்ன தரையில் ஒரு குறையும் இல்லை.

அங்கே மழையே பெய்யவில்லை.